ஆறிய பிரேக்கை நம்பாதீர்கள்

பிரேக் பேடை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் ஃபோனே சொல்லிக் கொடுத்துவிடும், என்னைவிடப் பொறுமையாக. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் ஷெட்டுகளில் வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டு இப்போது அறந்தாங்கியில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் “அண்ணே, ஏதாவது அனுபவம் சொல்லுங்க” என்கிறீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது பயத்தைப் பற்றித்தான். பயப்படத் தெரியாதவன் பிரேக் வேலைக்கு வரக் கூடாது. அவன் ஏ.சி. கேஸ் நிரப்பப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

சலீம் பாயை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கீழக்கரைக்காரர், ரோலாவில் மொபைல் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் வாங்கிய பொருளைப் பற்றி விற்றவன் என்ன சொன்னானோ அதுதான் அவருக்கு வேதவாக்கு. அவர் ஒரு ஏழு சீட்டு ஃபேமிலி வேகன் வாங்கினார். ஏதோ குளிர் நாட்டில் ஓடி, கப்பலேறி ஜெபல் அலியில் வந்து இறங்கிய வண்டி. பின்னால் கூடுதலாக நான்கு சக்கரங்களைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரும்பு ரிம், அதை மூடி வெள்ளி நிற பிளாஸ்டிக் கேப், டயரின் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் போட்ட ஒரு முத்திரை.

ஷார்ஜாவில் குளிர் எட்டிப் பார்த்த சமயம் வண்டியை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்.

“அண்ணே, வின்டர் வந்துடுச்சு. அந்த வின்டர் செட்டை மாட்டி விடுங்க.”

“எதுக்கு பாய்?”

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? வின்டருக்கு வின்டர் டயர்தானே போடணும்? வித்தவனே சொன்னான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “பாய், அவங்க ஊரு வின்டர்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு நிக்கும். நம்ம வின்டர்ல நீங்க ரூம்ல ஏ.சி.யை நிறுத்துவீங்க, அம்புட்டுத்தான். அது ஐஸுல ஓடச் செஞ்ச ரப்பர். நம்ம ரோட்டுல அல்வா மாதிரி குழையும். பிரேக் பிடிச்சா நிக்க வேண்டிய எடத்துல நிக்காது. இப்ப இருக்குற டயரே போதும்.”

தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. குளிர் நாட்டில் ஊற்றியது, பிறகு யாரும் தொடவே இல்லை போலிருக்கிறது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம்ம ஷார்ஜா காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஈரம் சேர்ந்த ஆயில் சூடானால் கொதிக்கும், கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி. இதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவரிடம் மாற்றச் சொன்னேன்.

“போன வாரம்தாண்ணே பாஸிங் முடிஞ்சுது. பிரேக் டெஸ்ட்ல ஒரு குறையும் சொல்லல. டூர் போயிட்டு வந்து மாத்திக்கலாம்.”

வளைகுடாவில் நம் ஆட்களுக்கு இருக்கிற வியாதி இது. வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை அரசாங்க டெஸ்டில் பாஸ் செய்துவிட்டால், அடுத்த பாஸிங் வரைக்கும் வண்டிக்கு ஆயுசு கெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கேரளத்து ஃபோர்மேன் ஒருவர் அடிக்கடி சொல்வார், பாஸிங்காரன் ஆறின பிரேக்கை ஒருமுறை மிதிப்பான், மலை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லும் என்று. அதை சலீம் பாயிடமும் சொன்னேன். சிரித்துவிட்டு, “அப்ப நீங்களும் மலைக்கு வாங்கண்ணே” என்றார். அவர் மாமியார் ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் மலைக்குப் போகிறார்களாம். “ரூம்ல தனியா படுத்து என்ன செய்யப் போறீங்க? மாமி கையால பிரியாணி.”

ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பிரியாணிக்காகத்தான்.

ஞாயிறு காலை என் ரூம் வாசலில் வேகன் வந்து நின்றது. கீழே பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் வெள்ளி கேப் பளபளத்தது. மனுஷன் பஞ்சர் கடையில் கொடுத்து வின்டர் செட்டை மாட்டிவிட்டார்!

“மேல குளிருமுல்லண்ணே” என்றார், என் பார்வையைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் நடு சீட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “ஏறுங்க தம்பி, சோறு ஆறிப்போவுது.” அவருக்குப் பக்கத்தில் சலீம் பாயின் மனைவி நூர்ஜஹான், கடைசி சீட்டில் இரண்டு பிள்ளைகள், அதற்கும் பின்னால் வேட்டி சுற்றிய பிரியாணி சட்டி. என்னை மரியாதைக்கு முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். ஏறினேன்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. வளைவுகளில் மட்டும் வண்டி பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிப் போயிற்று. மேலே நல்ல காற்று. மாமியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “இதுக்கு நம்ம ஏர்வாடிக் காத்தே தேவலாம்” என்றார். சாப்பிட்டோம். அவர்கள் பிற்பகல் அஸர் தொழுகையை முடித்ததும் இறங்கக் கிளம்பினோம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இறக்கத்தில் டயர் குழைய ஆரம்பித்ததும் சலீம் பாய்க்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மலை முழுக்க மிதித்துக்கொண்டே வந்தார். நான் சொன்னேன், “பாய், கியரைக் குறைச்சுப் போடுங்க, இன்ஜினே பிடிக்கும்.”

“ஆட்டோமேட்டிக்ண்ணே. அதுவே பாத்துக்கும்” என்று சிரித்தார். பின்னால் மாமியார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் முன்னால் ஒரு மருமகனுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவது எப்படி? நான் அடுத்த வளைவு வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

“யாரோ கபாபைக் கருக விட்டுட்டாங்க” என்றார் மாமியார்.

அது கபாப் இல்லை. பிரேக்கின் சூடு வெளியேற வழியில்லாமல் கேப்புக்குள் அடைந்து, கேப் உருகுகிறது. நான் வாயெடுக்கும்போதே சலீம் பாய் என் பக்கம் லேசாகச் சாய்ந்தார். கண் ரோட்டைவிட்டு அசையவில்லை. பின் சீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று உதடு அசையாமல் சொன்னார்.

“அண்ணே. கால் உள்ள போவுது.”

அந்தக் குரலை நான் இன்றைக்கும் கேட்கிறேன். அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திடீரென்று கேட்கும். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வலது பக்கம் பாறை. இடது பக்கம் எதிரே ஏறி வரும் வண்டிகள், அதற்கப்பால் தடுப்புச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. நானும் அதே தாழ்ந்த குரலில் பேசினேன். ஏன் அப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. ரகசியம் மாதிரி இருந்தது.

“காலை எடுத்து எடுத்து மிதிங்க. கியரை என் பக்கம் தள்ளுங்க. இப்ப கீழே ஒரு தட்டு.”

தட்டினார். கியர் இறங்கி இன்ஜின் ஓலமிட்டது.

“இன்னொண்ணு.”

“என்னங்க சத்தம் இது?” என்றாள் நூர்ஜஹான்.

“ஒண்ணுமில்லம்மா, மலை வண்டின்னா அப்படித்தான்” என்றேன். நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தேன். இழுத்து, விட்டு, இழுத்து. ஒரேயடியாக இழுத்திருந்தால் பின்சக்கரம் பூட்டி, அந்த அல்வா டயரில் வண்டி சுழன்றிருக்கும். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு வளைவைத் தாண்டினோம். எப்படித் தாண்டினோம் என்று கேட்காதீர்கள். சலீம் பாய் ‘யா அல்லாஹ், யா அல்லாஹ்’ என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார், நான் எங்கள் ஊர்க் காளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வளைவு முடிந்ததும், மலையைப் பார்க்க வண்டிகளை நிறுத்துகிற ஒரு திட்டு தெரிந்தது. உள்பக்கம் கொஞ்சம் மேடு, சரளைக்கல். “அதுக்குள்ள விடுங்க. திரும்பும்போது மிதிக்காதீங்க.” விட்டார். நான் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தேன். சரளை சிதற, முன்பக்க பம்பர் மண்மேட்டில் மெத்தென்று முட்டி, வண்டி நின்றது.

மாமியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “சாயா குடிக்க நிறுத்துனியளா மாப்புள?”

“ஆமா மாமி” என்றார் சலீம் பாய்.

எல்லாரும் இறங்கினார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். நூர்ஜஹான் பிளாஸ்கைத் திறந்தாள். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். முன்சக்கரத்தின் கேப் அப்பளம் மாதிரி சுருங்கி ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சலீம் பாய் என்னைத் தனியாக அழைத்தார். “அண்ணே, இது நமக்குள்ள இருக்கட்டும். வீட்டுல சொல்ல வேணாம். மாமிக்கு நெஞ்சு பலவீனம்.”

சரி என்றேன். அவர் நிலையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாயா ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்று வந்தது. சலீம் பாய் மெல்லப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணே! வாங்க, வாங்க! பிரேக் வந்துடுச்சு. கல்லு மாதிரி நிக்குது!”

நானும் உட்கார்ந்து மிதித்தேன். சத்தியமாகக் கல்தான். பாஸிங்கில் நிற்கிற மாதிரியே நின்றது. ஆயில் ஆறிவிட்டது, ஆவி அடங்கிவிட்டது. கொதித்ததற்கு அடையாளமே இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் எங்கள் ஆறு பேரையும் கொல்லப் பார்த்த அதே பெடல், இப்போது ஒன்றும் தெரியாத பூனை மாதிரி.

பிள்ளைகளா, மலையில் எனக்கு நேர்ந்த பெரிய பயம் எது என்று கேட்டால் வளைவைச் சொல்ல மாட்டேன். இந்த இடத்தைத்தான் சொல்வேன். ஏனென்றால் எனக்கே ஆசை வந்துவிட்டது. சின்ன கியரில் ஊர்ந்து போனால் இறங்கிவிடலாமே என்று மனசு கணக்குப் போட்டது. நானே ஓட்டுகிறேன் என்று சொல்லலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும், பாயின் மானமும் தப்பும். தொழில் தெரிந்தவன் இல்லையா, கெட்டிக்காரத்தனம் வந்து காதில் ஓதியது. என் கை சாவியில் இருந்தது, திருப்பவேண்டியதுதான் பாக்கி.

கண்ணாடியில் பார்த்தேன். பாயின் சின்ன மகள் ஏற்கெனவே கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போடத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

“பாய், வண்டி இறங்காது. ரெகவரி வண்டியைக் கூப்பிடுவோம், அது தூக்கிட்டுப் போகட்டும்.”

“அதான் பிரேக் நல்லாருக்கேண்ணே?”

“ஆறியிருக்கு. நல்லா இல்ல. நாலு வளைவுல திரும்பக் கொதிக்கும். அடுத்த தடவை திட்டு கிடைக்கணும்னு இல்ல.”

“மெதுவாப் போவோம்.”

“மெதுவாப் போனாலும் மலை மலைதான்.”

அவர் குரல் மாறியது. “நீங்க பயந்துட்டீங்கண்ணே. அதான் விஷயம். பயத்துல பேசுறீங்க. சாவியைக் குடுங்க, என் வண்டி, என் குடும்பம்.”

கையை நீட்டினார். என்னைவிட வசதியானவர், என்னை விருந்தாளியாக அழைத்து வந்தவர், சற்றுமுன் அவர் வீட்டுச் சோற்றைத் தின்ற கை என்னுடையது. அந்தக் கையைச் சாவியோடு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“ஆமா பாய், பயந்துட்டேன்” என்றேன், சத்தமாக. பிறகு ரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கை உடைத்தேன். மாமியாரைப் பார்த்துச் சொன்னேன், “அம்மா, நாம சாயா குடிக்க நிக்கல. வண்டிக்குப் பிரேக் போயிடுச்சு. இப்ப திரும்பி வந்த மாதிரி இருக்கு, ஆனா பாதி மலையில மறுபடி போவும். நான் இதுல ஏற மாட்டேன். சாவியும் தர மாட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க.”

சலீம் பாயின் முகம் செத்துப்போயிற்று. நூர்ஜஹான் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பிள்ளையைப் பின் சீட்டிலிருந்து தூக்கி இறக்கினாள்.

நெஞ்சு பலவீனமான மாமியார் ஒன்றும் மயங்கி விழவில்லை. சால்வையைச் சரி செய்துகொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். “மாப்புள, சொன்னா நாங்க என்ன உங்கள முழுங்கிடுவோமா? தொழில் தெரிஞ்ச மனுசன் பயப்படுறார், நமக்கு என்ன துணிச்சல் வேண்டிக் கெடக்கு? போனைப் போடுங்க.”

பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு அரபுக் குடும்பம் விஷயம் தெரிந்து எழுந்து வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் கேள்வியே கேட்கவில்லை. தங்கள் பெரிய வண்டியில் இடம் பண்ணி, “யல்லா, யல்லா” என்று பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார். நானும் சலீம் பாயும் ரெகவரி வந்ததும் வேகனை அதன் முதுகில் ஏற்றிவிட்டு, டிரைவர் கான் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் முதலிலேயே சின்ன கியரைப் போட்டார். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு இறங்கினார்.

எங்கள் திட்டுக்குக் கீழே திட்டே இல்லாத நீண்ட இறக்கம். முடிவில் ஒரு கொண்டை வளைவு. சலீம் பாய் அதைப் பார்த்தார், கண்ணாடி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரை மாமியார் முன் அவமானப்படுத்திவிட்டேன், அதை அவர் மறக்கவில்லை என்று புரிந்தது.

அடிவாரம் வரப்போகும்போது அவர் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் நூர்ஜஹான். “நாங்க கீழ வந்துட்டோம்ங்க. அம்மா கேக்குறாங்க, பிரியாணி சட்டி வண்டியிலயே இருக்கு, கவுந்துடாம வருதான்னு.”

சலீம் பாய் ஃபோனை என் பக்கம் நீட்டினார். நான்தான் சொன்னேன், “அசையாம வருதும்மா.”

மறுநாள் வேகனை ஷெட்டில் ஜாக்கியில் ஏற்றினேன். வின்டர் செட்டைக் கழற்றி மூலையில் போட்டேன். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு ஆள் பெடலை மிதிக்க வேண்டும், ஒரு ஆள் சக்கரத்திடம் ஆயில் வடியும் நட்டைத் திறந்து மூட வேண்டும், நட்டை மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். வழக்கமாக ஷெட்டுப் பையன் யாராவது மிதிப்பான். அன்றைக்கு சலீம் பாய் வந்து நின்றார். “நான் மிதிக்கிறேண்ணே” என்றார். அவ்வளவுதான் பேசினார். கோபம் இன்னும் இருந்ததா, தெரியவில்லை. கேட்கவுமில்லை.

ஏறி உட்கார்ந்தார். நான் முன்சக்கரம் இருந்த இடத்தில் குந்தினேன். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து அவருடைய வலது கால் மட்டும் எனக்குத் தெரிந்தது.

“மிதிங்க” என்றேன்.

மிதித்தார். நட்டைத் திறந்தேன், கருப்பாக ஓடியது. பெடல் மெல்ல உள்ளே இறங்கியது. நட்டைத் திறந்தால் இறங்கத்தான் செய்யும், அதுதான் வேலை. ஆனால் இறங்க இறங்க அந்தக் கால் உதறத் தொடங்கியது. வண்டி அந்தரத்தில் நிற்கிறது, சக்கரமே இல்லை, எங்கேயும் போகப் போவதில்லை. ஷெட்டில் வெயில் பளீரென்று அடிக்கிறது. கால் மட்டும் நேற்றைய மலையில் இருந்தது.

“அண்ணே” என்றார். அதே குரல். உதடு அசையாத குரல். “கால் உள்ள போவுது.”

“போகட்டும் பாய். நான் கீழதான் இருக்கேன். விட்டுடாதீங்க.”

“விடலண்ணே” என்றார்.